இலை பொடியாகும் முன்

பொன்னேரியிலிருந்து பழவேற்காட்டுக்குப் போகும் சாலையில் இருக்கிறது திருப்பாலைவனம். அங்கிருந்து ஏரிக்கரை வரை உள்ள டீக்கடைகளில் வடிதுணிக்குள் விழுவது டஸ்ட் டீ. கருப்புக்கும் பழுப்புக்கும் இடைப்பட்ட நிறம் கொண்ட தூள். இரவெல்லாம் வலையோடு இருந்துவிட்டு விடியலில் கரையேறுகிறவர்கள் பாலும் சர்க்கரையும் சேர்த்துக் குடிப்பது அதன் சாற்றை. அதே செடியின் இலையிலிருந்து ஜப்பானில் இன்னொரு தூள் எடுக்கிறார்கள். அது கண்ணைப் பறிக்கும் பச்சை. அதை வடிகட்டுவதில்லை, வெந்நீரில் போட்டு, மூங்கில் கீற்றுகளால் செய்த மத்தால் நுரை வரும்வரை அடித்து, இலை முழுவதையும் குடித்துவிடுகிறார்கள். அதன் பெயர் மாட்சா. இரண்டுக்கும் மூலம் கமேலியா சைனென்சிஸ் என்ற ஒரே இனம், இரண்டும் பொடிதான். ஒன்று பழுப்பாகவும் மற்றொன்று பச்சையாகவும் இருப்பது ஏன்? மாட்சாவைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் கல் இயந்திரத்தைக் காட்டுகிறார்கள். மெதுவாகச் சுழலும் கருங்கல்லும் அதன் விளிம்பில் உதிரும் பச்சைப் பொடியும் படம் பிடிக்க ஏற்ற காட்சி என்பதில் சந்தேகமில்லை. ஆனால் சான்றுகளை வரிசையாக வைத்துப் பார்த்தால், அந்தப் பொடியின் குணம் கல்லைத் தொடுவதற்கு முன்பே ஏறக்குறைய முடிவாகிவிடுகிறது. இலையை எப்போது சூடாக்குகிறோம், எப்போது உடைக்கிறோம், எது முதலில் எது பின்னால் என்ற வரிசைதான் அதைத் தீர்மானிக்கிறது. இந்த அத்தியாயம் அந்த வரிசையைப் பற்றியது. தேயிலை முளைக்காத பழவேற்காட்டு உவர்மண்ணுக்கும் அதில் ஒரு செய்தி உண்டு.

தேயிலைக் கொழுந்தின் ஒவ்வொரு உயிரணுவுக்குள்ளும் இரண்டு சரக்குகள் தனித்தனி அறைகளில் பூட்டப்பட்டிருக்கின்றன. ஒன்று கேட்டச்சின் வகைப் பாலிஃபீனால்கள், துவர்ப்பைத் தருபவை. மற்றொன்று அவற்றை ஆக்சிஜனோடு இணைக்கும் நொதி. இலை முழுதாக இருக்கும்வரை இவை சந்திப்பதில்லை. கசக்கினால், நசுக்கினால், அறைச்சுவர்கள் உடைந்து இரண்டும் கலக்கின்றன. சில நிமிடங்களில் பச்சை மங்கி, செம்புநிறம் ஏறத் தொடங்கும். நீலகிரியின் தொழிற்சாலைகள் பெரும்பாலானவற்றில் நடப்பது இந்தச் சந்திப்பை வேண்டுமென்றே உண்டாக்கும் வேலைதான். கொழுந்தை வாட்டி, எதிரெதிராக வெவ்வேறு வேகத்தில் சுழலும் பல்வைத்த உருளைகளுக்கு இடையே விட்டு நசுக்கி, கிழித்து, சுருட்டுகிறார்கள். அசாமில் வில்லியம் மெக்கெர்ச்சர் 1930 வாக்கில் உருவாக்கிய இந்த முறையைத்தான் சி.டி.சி. என்கிறோம். உடைந்த இலை காற்றில் கிடந்து நிறம் மாறியபிறகு உலர்த்தியில் சூடு கொடுத்து நொதியை நிறுத்துகிறார்கள். அதாவது, முதலில் உடைப்பு, பிறகு சூடு. கேட்டச்சின்கள் தியாஃபிளாவின்களாகவும் தியாரூபிஜின்களாகவும் மாறி, பாலைத் தாங்கும் அடர்ந்த சாயத்தைத் தருகின்றன.

மாட்சாவில் இந்த வரிசை தலைகீழ். பறித்த இலையை அன்றைக்கே நீராவியில் காட்டுகிறார்கள். பொதுவாக 15 முதல் 20 வினாடி. நொதியும் ஒரு புரதம்தான். அந்தச் சூட்டில் அதன் மடிப்பு குலைந்து வேலை செய்யும் திறனை இழந்துவிடுகிறது. அதற்குப் பிறகு இலையை எவ்வளவு நுணுக்கமாக உடைத்தாலும் பழுப்பாக்குவதற்கு ஆள் இல்லை. மற்ற பச்சைத் தேயிலைகளில் ஆவிக்குப் பிறகு உருட்டிச் சுருட்டுவார்கள். சாறு மேலே வந்து வெந்நீரில் எளிதாக இறங்குவதற்காக. மாட்சாவுக்குப் போகும் இலையை உருட்டுவதே இல்லை. சாறு இறங்க வேண்டிய தேவை அதற்கு இல்லை, முழு இலையும் கோப்பைக்குள் போகப்போகிறது. ஆவியில் துவண்டு ஒட்டிக்கொள்ளும் இலைகளை உயரமான வலைக்கூண்டுகளுக்குள் காற்றால் மேலே ஊதிப் பிரித்து, ஆறவைத்து, செங்கல் சூளைக்குள் ஓடும் பட்டைகளின்மேல் பரப்புகிறார்கள். ஜப்பானின் தேயிலை வட்டாரமான ஊஜியில் 1920களில் உருவான இந்தச் சூளையின் கீழ்த்தட்டில் காற்றின் வெப்பம் 170 முதல் 200 டிகிரி செல்சியஸ் வரை இருக்கும். அத்தனை சூட்டில் இலை கருகாதா என்ற கேள்வி எழும். ஈரம் ஆவியாகிக்கொண்டிருக்கும்வரை அதுவே இலையைக் குளிர்விக்கிறது; ஈரம் குறையக் குறைய இலையைச் சூடு குறைந்த தட்டுகளுக்கு மாற்றிவிடுகிறார்கள். சுமார் அரைமணி நேரத்தில் வேலை முடிகிறது. பிறகு காம்பையும் நரம்பையும் பிரித்தெடுத்துவிட்டு, நொறுங்கும் இலைத்தகட்டை மட்டும் வைத்துக்கொள்கிறார்கள். இதுதான் டென்சா. இதை அரைத்தால் மாட்சா. நரம்பை நீக்குவதற்கு வெறும் அழகு காரணமில்லை. நார் மிகுந்த பகுதி கல்லுக்கு எளிதில் மசியாது, பச்சையமும் அதில் குறைவு.

ஆவிக்கும் முன்னால் இன்னொரு முடிவு வயலிலேயே எடுக்கப்படுகிறது. பறிப்பதற்குச் சுமார் 20 நாளோ அதற்கு மேலோ முன்பாகச் செடிகளுக்கு மேல் பந்தலிட்டு வெயிலை மறைக்கிறார்கள். தொடக்கத்தில் பாதிக்கு மேல், கடைசி நாட்களில் பத்தில் ஒன்பது பங்குக்கும் மேலாக ஒளி தடுக்கப்படும். 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜப்பானைப் பற்றி எழுதிய போர்த்துகீசியப் பாதிரியார் ஜோவோ ரோட்ரிகஸ், ஊஜித் தோட்டங்களின் மேல் நாணலும் வைக்கோலும் பரப்பியிருந்ததை விவரித்திருக்கிறார்; இளங்கொழுந்து பனியில் கருகாமலிருக்கச் செய்த ஏற்பாடு அது. குளிரைத் தடுக்கப் போட்ட பந்தல் சுவையை மாற்றியதை உழவர்கள் நாக்கால் கண்டுபிடித்தார்கள். காரணம் வேதியியலில் தெளிவானது பிறகுதான். தேயிலையின் வேர், தியானின் என்ற அமினோ அமிலத்தை உண்டாக்கி இலைக்கு அனுப்புகிறது. 1949இல் ஜப்பானிய வேதியியலாளர் சகாதோ இதைப் பந்தல் நிழலில் வளர்ந்த தேயிலையிலிருந்து பிரித்தெடுத்தார். வெயில் பட்டால் இலையில் தியானின் சிதைந்து, அதன் ஒரு பகுதி கேட்டச்சின் ஆவதற்குப் போய்விடுகிறது. அதாவது குழைவான சுவை துவர்ப்பாக மாறுகிறது. நிழலில் இந்த மாற்றம் மந்தமாகிறது, தியானின் தங்குகிறது. கூடவே, கிடைக்கும் கொஞ்சம் ஒளியையும் பிடித்துவிடச் செடி இலையை மெல்லியதாக அகலமாக விரித்து, பச்சையத்தைக் கூட்டுகிறது. மாட்சாவின் நிறமும் அதன் இனிமையும் ஒரே காரணத்தின் இரண்டு விளைவுகள்.

இது செடியைப் பட்டினி போடுவது ஆகாதா என்று கேட்கலாம். ஆகத்தான் செய்கிறது. ஒளி இல்லாத மூன்று வாரமும் செடி தன் சேமிப்பைச் செலவழித்துத் துளிர்க்கிறது. விளைச்சல் குறைகிறது, சிறந்த வகைக்கு ஆண்டுக்கு ஒரு பறிப்போடு நிறுத்திக்கொள்கிறார்கள். அந்த இழப்பை உரத்தால் ஈடுகட்டுகிறார்கள். தியானினுக்கு நைட்ரஜன் வேண்டும். அதைத் தாராளமாகக் கொடுக்க வேண்டும். பழைய ஜப்பானியத் தேயிலைத் தோட்டங்களுக்குப் புண்ணாக்கோடு காய்ந்த மீனும் எருவாகப் போனது. மீன் கழிவை வெல்லத்தோடு ஊறவைத்து மீன் அமிலம் தயாரிக்கும் நம் இயற்கை உழவர்களுக்கு இதன் காரணத்தை விளக்க வேண்டியதில்லை. ஆனால் வேதியுரக் காலத்தில் இதே தேவை மிகையாகி, ஜப்பானின் தேயிலை வட்டாரங்களில் நிலத்தடி நீரிலும் ஓடைகளிலும் நைட்ரேட் சேர்ந்தது. உரத்தைக் குறைக்கும் முயற்சிகள் அதன் பிறகே வந்தன. பச்சைப் பொடியைத் தூய்மையின் அடையாளமாக விற்கிறவர்கள் இந்தக் கணக்கையும் சேர்த்துச் சொல்ல வேண்டும் என்று நினைக்கிறேன்.

இப்போது கல்லுக்கு வரலாம். மாட்சாக் கல் அமைப்பில் நம் திரிகைதான்: ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு வட்டக் கருங்கற்கள், மேல்கல்லின் நடுவில் குழி, உட்புறம் நடுவிலிருந்து விளிம்புக்குக் கொத்திய வரிப்பள்ளங்கள். நடுவே விழும் இலை பள்ளங்களின் வழியே நகர்ந்து, விளிம்பை நெருங்க நெருங்க இரண்டு கற்களும் ஒட்டும் இடத்தில் மசிந்து வெளியேறுகிறது. நிமிடத்துக்கு ஐம்பது அறுபது சுற்றுக்கு மேல் போவதில்லை. ஒரு மணி நேரத்துக்குக் கிடைப்பது 30 முதல் 40 கிராம். ஒரு கோப்பைக்கு 2 கிராம் என்றால் பதினைந்து முதல் இருபது கோப்பை. ஒரு கிலோ வேண்டுமென்றால் ஒரு நாளைக்கும் மேலாகக் கல் நிற்காமல் ஓட வேண்டும். துகள்களின் அளவு 5 முதல் 20 மைக்ரானுக்குள் இருக்கும். ஒரு மைக்ரான் மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. சாக்லேட் தொழிலிலும் ஏறத்தாழ 20 மைக்ரானைத்தான் குறியாக வைக்கிறார்கள். 30ஐத் தாண்டினால் நாக்கு நறநறப்பை உணரத் தொடங்கும். வடிகட்டாமல் குடிக்கும் பானத்துக்கு இந்த நுண்மை ஒரு நிபந்தனை.

இத்தனை மெதுவாக அரைப்பது ஏன்? உராய்வு வெப்பத்துக்குப் பயந்து. பச்சைய மூலக்கூறின் நடுவில் ஒரு மக்னீசியம் அணு இருக்கிறது. சூட்டிலும் இலையின் அமிலத்திலும் அது கழன்று, அந்த இடத்தில் ஹைட்ரஜன் அமரும்போது பச்சை மங்கி, வேகவைத்த கீரையின் கரும்பழுப்புச் சாயல் வருகிறது. மணம் தரும் எளிதில் ஆவியாகும் பொருள்களும் சூட்டில் போய்விடும். அரைக்கும்போது எழும் வெப்பம் பழவேற்காட்டுக்குப் பழைய கவலை. டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி 17ஆம் நூற்றாண்டில் இங்கே கெல்ட்ரியா கோட்டையை வைத்துக்கொண்டு வெடிமருந்து ஆலை நடத்தி, ஆசியாவில் தன் மற்றக் கோட்டைகளுக்கும் அனுப்பியது. கந்தகத்தையும் வெடியுப்பையும் கரியையும் சேர்த்து அரைக்கும்போது வெப்பமும் பொறியும் உயிருக்கு உலை. அதனால் வெடிமருந்துக் கலவையை நீர் தெளித்து ஈரமாக அரைப்பது வழக்கம். ஜப்பானின் ஹிராதோவிலிருந்து பச்சைத் தேயிலையை ஐரோப்பாவுக்கு முதலில் கொண்டுபோனதும், 1610 வாக்கில், இதே கம்பெனிதான் என்பது வரலாற்றின் தற்செயல். தேயிலைக்கு நீர் தெளிக்கும் வழி இல்லை. ஈரம் பட்டால் உலர்த்திய வேலையெல்லாம் வீண். மிஞ்சுவது வேகத்தைக் குறைப்பது ஒன்றுதான்.

அப்படியானால் கல்தானே உயிர் என்று ஒருவர் வாதிடலாம். கல்லின் பங்கை நான் மறுக்கவில்லை. நல்ல மாட்சாவின் வழவழப்பும் நுரையும் அதன் கொடை. ஆனால் இரண்டு எதிர்ச்சோதனைகளை மனதில் ஓட்டிப் பார்க்கலாம். நிழல் காணாத, நரம்பு நீக்காத இலையை உலகின் சிறந்த கல்லில் அரைத்தால் கிடைப்பது மஞ்சள் பாய்ந்த கசப்புப் பொடி. கடைகளில் பச்சைத் தேயிலைத் தூள் என்று மலிவாகக் கிடைப்பது அதுதான். மறுபுறம், நல்ல டென்சாவைப் பீங்கான் குண்டுகள் உருளும் பீப்பாய் அரைவையில், சூடேறாமல் குளிர்வித்து அரைத்தால் மாட்சாதான் கிடைக்கிறது. இன்று உலகச் சந்தையில் இனிப்புக்கும் ஐஸ்கிரீமுக்கும் பால் பானங்களுக்கும் போகும் மாட்சாவில் பெரும்பங்கு இவ்வாறு இயந்திரத்தில் அரைபட்டதே. கல்லை மாற்றினாலும் பொருள் தப்பிக்கிறது, வரிசையை மாற்றினால் தப்பிப்பதில்லை. வரலாறும் இதற்குத் துணை நிற்கிறது. சீனாவில் சோங் வம்சக் காலத்தில் தேயிலையை ஆவியில் வைத்து, கட்டியாக அழுத்தி, பிறகு கல்லில் பொடித்து அடித்துக் குடித்தார்கள். ஐசாய் என்ற துறவி 1191இல் அந்தப் பழக்கத்தை ஜப்பானுக்குக் கொண்டுவந்தார். 1391இல் மிங் பேரரசர் ஹோங்வு கட்டித் தேயிலைக் காணிக்கையை நிறுத்தியபிறகு சீனாவில் பொடித்தேநீர் தேய்ந்து மறைந்தது. கல் அப்போதும் சீனாவில் இருந்தது. ஜப்பான் அந்தக் கல்லோடு பந்தலையும், உருட்டாத இலையையும் சேர்த்தபோதுதான் நாம் இன்று அறியும் மாட்சா உருவானது.

திருப்பாலைவனத்தில் தேயிலை வளராது. தேயிலைக்கு அமிலத்தன்மையுள்ள மண் வேண்டும், பி.எச். அளவு 4.5 முதல் 5.5 வரை, உப்பு ஆகாது, வேர் நீரில் நிற்கக் கூடாது. கடல்நீரும் ஆரணி ஆற்றுநீரும் கலக்கும் ஏரிக்கரை மணல் இதற்கெல்லாம் நேரெதிர். ஆனால் கொல்லையில் முருங்கை நிற்கிறது. மணலையும் வறட்சியையும் அது பொறுத்துக்கொள்ளும். நீர் தேங்கினால்தான் தாங்காது. முருங்கை இலைப் பொடி இன்று தமிழ்நாட்டின் ஏற்றுமதிச் சரக்கு. திண்டுக்கல், கரூர், தேனி, தூத்துக்குடி உள்ளிட்ட மாவட்டங்களை முருங்கை ஏற்றுமதி மண்டலமாக அரசு அறிவித்திருக்கிறது. மாட்சாவைப் போலவே இதுவும் முழு இலையையும் உண்ணும் பொடி. ஆகவே வரிசை பற்றிய கேள்விகளை இதனிடமும் கேட்கலாம். பதில்கள் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை.

பந்தல் கேள்விக்குப் பதில் எளிது: வேண்டாம். முருங்கை வெயில் மரம், தியானின் அதில் கிடையாது, நிழலிட்டால் இலைதான் குறையும். நிழல் இங்கே பயன்படுவது பறித்த பிறகு. பீட்டா கரோட்டினும் பச்சையமும் வெயிலில் விரைவாகச் சிதைவதால், கொத்தை நிழலில் உலர்த்துவது என்ற நம் வீட்டு வழக்கம் அறிவியல்படி சரியானது. நொதிக் கேள்விதான் கடினம். முருங்கையில் மைரோசினேஸ் என்ற நொதி இருக்கிறது. பச்சை இலையை உடைக்கும்போது அது குளுக்கோசினோலேட் என்ற பொருளைச் சந்தித்துக் காரமான ஐசோதயோசயனேட்டுகளை உண்டாக்குகிறது. மரத்தின் வேரைக் கீறினால் எழும் முள்ளங்கிக் காரம் இந்தக் குடும்பத்தினுடையது. அழற்சியைத் தணிக்கும் பண்புக்காக ஆய்வுக்கூடங்கள் இந்தப் பொருள்களைத் தேடிப்போகின்றன. அவை வேண்டுமென்றால் ஆவி காட்டுவது தவறு; நிறமும் நீடித்து இருப்பதும் வேண்டுமென்றால் ஆவி காட்டாமல் விடுவது தவறு. இரண்டையும் ஒரே பொடியில் முழுதாகத் தருவதாகச் சொல்லும் விளம்பரத்தை நம்ப வேண்டாம். என் கணிப்பு ஆவியின் பக்கம் சாய்கிறது. உணவாகத்தான் இந்தப் பொடியை விற்கிறார்கள், மருந்தாக அல்ல. நம் சமையலிலும் முருங்கைக்கீரையை உருவி முழு இலையாகவே சூட்டில் போடுகிறோம், பச்சையாக அரைத்துத் தின்னும் வழக்கம் பெரிதாக இல்லை. ஆனால் ஆவி காட்டினால் இலை ஈரமாகிவிடும். கடற்காற்று வீசும் ஊரில் அந்த ஈரத்தை விரட்டுவதற்குக் கூரையிட்ட சூரிய உலர்த்தி வேண்டும். அது இல்லாத வீட்டில், ஆவி காட்டாமல் மெல்லிய அடுக்காகப் பரப்பி, காற்றோட்டத்தில் விரைவாக உலர்த்துவதே மேல். மந்தமாக உலரும் ஈர இலையில் நொதிகள் நாள்கணக்கில் வேலை செய்துகொண்டேயிருக்கும்.

மரம் வாசலில் நிற்கும்போது பொடி எதற்கு என்ற ஆட்சேபம் நியாயமானது. பச்சைக் கீரை கையெட்டும் தூரத்தில் இருப்பவருக்குப் பொடி தேவையே இல்லை. உலர்த்தலில் வைட்டமின் சி பெரும்பங்கு போய்விடுகிறது, அதைப் பொடி திருப்பித் தராது. பொடிக்கு இடம் தூரத்திலும் காலத்திலும் இருக்கிறது: நகரத்தில் வாங்குகிறவருக்கு, மரம் இலையுதிர்க்கும் வாரங்களுக்கு, சத்துமாவில் கலக்கும் அங்கன்வாடிக்கு, கூடுதல் வருமானம் தேடும் மகளிர் குழுவுக்கு. இன்னொரு ஆட்சேபம் இதைவிடக் கனமானது. டீ வடிகட்டும்போது இலை வெளியே போகிறது. அதில் ஒட்டிய ஈயம் போன்ற கன உலோகங்களில் பெரும்பகுதியும் சக்கையோடு போகிறது. முழு இலைப் பொடியில் அந்தக் காவல் இல்லை. பழவேற்காட்டின் தெற்கே அத்திப்பட்டிலும் வல்லூரிலும் அனல் மின் நிலையங்கள் இருக்கின்றன. எண்ணூர்க் கழிமுகத்தில் சாம்பல் கழிவு படிந்த கதை ஊரறிந்தது. அந்தப் பக்கத்திலிருந்து இலை வாங்கிப் பொடித்து விற்க நினைக்கிற எவரும் கழுவுவதோடு நிறுத்தக் கூடாது. மண்ணையும் இலையையும் ஆய்வகத்தில் பரிசோதித்த பிறகே தொடங்க வேண்டும். முழுதாக உண்ணப்படும் பொடிக்கு இதைவிடக் குறைந்த நிபந்தனை இல்லை.

கடைசியாக, உடைத்த பிறகு நேர்வது. ஒரு கன சென்டிமீட்டர் பொருளைப் பத்து மைக்ரான் கட்டங்களாக வெட்டினால் நூறு கோடித் துண்டுகள். 6 சதுர சென்டிமீட்டராக இருந்த மேற்பரப்பு 6,000 ஆகிறது. ஆக்சிஜனும் ஈரமும் நுழைய அத்தனை வாசல். ஈரம் ஏறினால் என்ன ஆகும் என்பது நெத்தலியும் சென்னாகூனியும் காயவைக்கும் கிராமங்களுக்குத் தெரிந்ததே: சித்திரையில் கலகலவென்று இருந்த கருவாடு ஐப்பசி மழையில் தளர்ந்து, பூஞ்சை பூக்கும். பூஞ்சைக்குக் கிடைக்கக்கூடிய நீரின் அளவுகோலான நீர்ச் செயல்திறன் 0.6க்குக் கீழே இருக்கும்வரை பூஞ்சை வளராது. அந்த எல்லையைக் கடக்க வடகிழக்குப் பருவமழையின் காற்றே போதும். ஊஜி இதற்குக் கண்ட விடையும் வரிசையைச் சார்ந்ததே. மே மாதம் உலர்த்திய டென்சாவை உடனே அரைப்பதில்லை. முழு இலைத்தகடாகவே மூடிவைத்து, நவம்பரில் ஜாடியின் வாயைத் திறந்து, தேவைக்கு மட்டும் அரைப்பது பழைய மரபு. இன்றும் குளிர்கிடங்கில் இலையாகத்தான் வைக்கிறார்கள். திருப்பாலைவனத்தில் ஒரு குழு இதைத் தொடங்கினால், மாசி முதல் வைகாசி வரையான வறண்ட மாதங்களில் இலையை உலர்த்தி, காற்றுப் புகாத டின்களில் இலையாகவே அடைத்து, ஆர்டர் வந்த அன்று அரைக்கலாம். பணத்தை அரவை இயந்திரத்தில் போடுவதைவிட உலர்த்தியிலும் டின்னிலும் போடுவது பயன் தரும். மிளகாய் அரைக்கும் மில்லில் கொடுத்தால் காரமும் ஏறும், சூடும் ஏறும். ஒரு வீட்டின் கணக்கு இன்னும் சிறியது: நான்கு பேருக்கு ஆளுக்கு நாளொன்றுக்கு ஐந்து கிராம் என்றால் மாதத்துக்கு அறுநூறு கிராம். சாம்பாரிலும் அடையிலும் கலக்கும் பொடிக்கு மாட்சாவின் நுண்மை வேண்டியதில்லை. வாரத்துக்கு ஒருமுறை நூற்றைம்பது கிராமை மிக்ஸியில் விட்டுவிட்டு ஓட்டி, சல்லடையில் சலித்துக்கொண்டால் முடிந்தது.